2E2-ம் 200-ம் ஒண்ணுன்னு நம்பின நாள்

முதல்ல அந்தக் காதுல மாட்டியிருக்கறதை எடுங்கப்பா. பாட்டு ஓடுதோ ஓடலையோ, எனக்கு என்னமோ செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு. சமோசா இன்னும் பத்து நிமிஷத்துல வந்துடும்னு சொன்னாங்க. பாதிப் பேர் அதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கீங்கன்னு தெரியும். நானும் அதுக்காகத்தான் மயிலாப்பூர்ல இருந்து ஆட்டோ புடிச்சு வந்தேன், அதனால யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

ரிட்டயர் ஆனவங்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கணும்னு உங்க டீம் லீடருக்கு ஒரு ஆசை. பேசறதுக்கு முன்னாடி பசங்க எழுதினதைப் பாருங்கன்னு உங்க புரோகிராம் கோடு கொஞ்சம் அனுப்பி வச்சா. பார்த்தேன். ஒரு மாறிக்கு, அதான் வேரியபிளுக்கு, பேர் டெம்ப். அடுத்தது டெம்ப் ரெண்டு. அப்புறம் டேட்டா, நியூ டேட்டா, ஃபைனல் டேட்டா. அதுக்கும் கீழ ஃபைனல் ஃபைனல். ஏம்மா, உங்களுக்குக் குழந்தை பொறந்தா 'குழந்தை', 'குழந்தை ரெண்டு', 'கடைசிக் குழந்தை', 'இதான் நிஜமாவே கடைசி'ன்னா பேர் வைப்பீங்க? கேட்டா, "நாங்க எழுதல மேடம், மெஷின் எழுதிக் கொடுத்துது"ம்பீங்க. பரவாயில்ல. மாட்டினா பேர் கெடப்போறது உங்களுக்குத்தான், மெஷினுக்கு இல்ல.

சரி, திட்டறதுக்கு வரல. என் மானம் போன கதை ஒண்ணு சொல்றேன். அதைக் கேட்டுட்டு நீங்களும் என்னைத் திட்டலாம், கணக்கு நேராயிடும்.

நான் வேலைக்கு வந்த காலத்துல ஒரு மாறி வேணும்னா முதல்லயே எழுதிக் கொடுக்கணும். இதுல முழு எண் மட்டும்தான் வரும், இதுல எழுத்து மட்டும்தான் வரும்னு. மாத்திப் போட்டா, கோடைச் சரிபார்க்கற கம்பைலர் மூஞ்சில அடிக்கும். அப்புறம் ஸ்கிரிப்ட் மொழி வந்துச்சு. ஆகா, என்னா சுகம்! பேர் வச்சியா, சமக்குறி போட்டியா, எதையாவது உள்ள போட்டியா, போயிக்கிட்டே இரு. உள்ள இருக்கறது நம்பரா, எழுத்தா, ஆமா இல்லையா, ஒண்ணுமே இல்லையா, எதுவும் கேக்காது. காலையில நம்பர் வச்ச மாறியில சாயங்காலம் ஒரு வாக்கியத்தை வச்சாலும் முகம் சுளிக்காது. என் மாமியார் இப்படி இருந்திருக்கக் கூடாதான்னு எத்தனையோ நாள் நினைச்சிருக்கேன்.

ஆனா ஒண்ணு. கேக்காதவங்க, தானா நினைச்சுப்பாங்க. நாம சொல்லாத இடத்துல அந்த மொழி தானா ஒண்ணை நினைச்சுக்கும். என்ன நினைச்சுக்கிச்சுன்னு உங்ககிட்ட வந்து சொல்லாது. இதை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. அடிபட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு மழை வருஷம். அடையாறு கரை தாண்டி வந்துடுச்சு. ஆத்தோரத்துக் காலனி ஒண்ணு முழுக்கத் தண்ணியில நின்னுது. காலனிப் பேர் வேண்டாம், அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்க. அப்ப எங்க ஆபீஸ் நந்தனத்துல, மூணாவது மாடி. ஜெனரேட்டர் இருந்துச்சு, போன் வேலை செஞ்சுது. அதனால அக்கம்பக்கத்துல உதவி செய்ய வந்தவங்க எல்லாம் அங்கதான் கூடினாங்க. யார் வீட்டுல யார் மாட்டியிருக்காங்க, படகு எங்க போகணும்னு ஆளுக்கொரு தாள்ல கிறுக்கிக்கிட்டு இருந்தாங்க.

எனக்குத் தாங்குமா? "தாளா? இந்தக் காலத்துலயா? தள்ளுங்க"ன்னு உட்கார்ந்துட்டேன். ரெண்டு மணி நேரத்துல கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் தயார். யார் போன் பண்ணாலும் பேர், கதவு எண், என்ன அவசரம்னு ஏத்தலாம். படகுக்காரங்க ஒரு வீட்டுல இருந்து ஆளைக் கூட்டி வந்ததும் கதவு எண்ணைச் சொல்வாங்க, அதை அடிச்சா அந்த வரி பச்சையாகி 'மீட்டாச்சு'ன்னு வந்துடும். எல்லாரும் கைதட்டினாங்க. நானும் அடக்கமா சிரிச்சேன். உள்ளுக்குள்ள பட்டாசு வெடிச்சுது, அதை ஏன் மறைப்பானேன்.

ஒரு தொல்லை மட்டும் இருந்துச்சு. ஒரே வீட்டுக்கு மகன் பெங்களூர்ல இருந்து போன் பண்ணுவான், மருமக துபாய்ல இருந்து பண்ணுவா, எதிர்வீட்டுக்காரர் பண்ணுவார். ஒரு வீடு, மூணு வரி. அதனால ஒரு கதவு எண்ணை 'மீட்டாச்சு'ன்னு அடிச்சா, அதே எண் இருக்கற எல்லா வரியும் பச்சையாகற மாதிரி எழுதினேன். ரொம்ப புத்திசாலித்தனமா எழுதிட்டதா நினைப்பு. கதவு எண்ணுக்கு ஒரு மாறி, பட்டியல்ல இருக்கற எண்ணுக்கு ஒரு மாறி, நடுவுல ரெண்டு சமக்குறி. ரெண்டும் ஒண்ணுன்னா பச்சை. அவ்வளவுதான் கோடு.

முதல் நாள் பிரமாதமா ஓடிச்சு.

ரெண்டாவது நாள் காலையில பத்து மணிக்கு ஒரு போன். பேர் ரஃபீக். கிண்டியில ஒரு பட்டறையில வேலை. மழையில அங்கேயே மாட்டிக்கிட்டார். "மேடம், எங்க அம்மி, அம்மாதான், தனியா இருக்காங்க. நுரையீரல் சரியில்லாதவங்க. ஆக்சிஜன் மெஷின் கரண்ட்ல ஓடும், இப்ப கரண்ட் இல்ல. ஒரு சிலிண்டர் இருக்கு, அது இன்னிக்கு நாலு மணி வரைக்கும்தான் தாங்கும். அவங்க போன் செத்துப் போச்சு. இப்ப நான் காலனி முனையில நிக்கறேன். உள்ள போகவான்னு பாக்கறேன், தண்ணி வேகமா இருக்கு."

கதவு எண் கேட்டேன். 2E2. ரெண்டாவது தெரு, E பிளாக், ரெண்டாம் நம்பர் வீடு. தேடினேன். அவரே முதல் நாள் பதிஞ்சிருந்தார். வரி பளிச்சுனு பச்சை.

"அட, ஏன் சார் பயப்படறீங்க? நேத்தே மீட்டாச்சு! நீங்க தண்ணியில இறங்காதீங்க. பெசன்ட் நகர் ஸ்கூல்ல தங்க வச்சிருப்பாங்க, அங்க போய்ப் பாருங்க"ன்னேன். அந்த மனுஷன் போன்லயே அழுதுட்டார். "உங்க குடும்பம் நல்லா இருக்கணும் மேடம்"னார். நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

பதினொன்றரைக்கு மறுபடி அவர். ஸ்கூல்ல அம்மி இல்லையாம். "மயிலாப்பூர் மண்டபத்துல பாருங்க சார், அங்கயும் கொஞ்சம் பேரைக் கொண்டு போனாங்க"ன்னேன். முட்டித் தண்ணியில நடந்து போனார். பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி. அங்கயும் இல்ல. இந்தத் தடவை குரல்ல ஈரமே இல்ல. "வேற எங்க மேடம்?"னார். அடையாறுல இன்னொரு இடத்தைச் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் எரிச்சல்கூட வந்துச்சு எனக்கு. பச்சைன்னா பச்சைதானே, சரியாத் தேடாம திரும்பத் திரும்பக் கேக்கறாரேன்னு. யோசிச்சுப் பாருங்க, அந்தத் திமிரை!

அந்த நேரத்துல ஏழுமலை மேல வந்தார். பெசன்ட் நகர் பக்கத்துக் குப்பத்துக்காரர், கடல்ல போற தன் ஃபைபர் படகைத் தெருவுல ஓட்டிக்கிட்டு இருந்தார். அந்தக் காலனிக்குள்ள அதிகமா ஓடினது அவர் படகுதான். போன் சார்ஜ் போட வந்தவர், எலுமிச்சை சாதத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு என் பக்கத்துல உட்கார்ந்தார்.

"ஏழுமலை, நேத்து 2E2 அம்மாவை எங்க இறக்கினீங்க?"

"எந்த அம்மா?"

"E பிளாக். ஆக்சிஜன் சிலிண்டர் வச்சிருப்பாங்க."

"E பிளாக்கா? அந்த சந்தாண்ட நான் போவவே இல்லமா. முனையில காரு ஒண்ணு குறுக்க மாட்டிக்கினு கீது. போட் நுழையாது."

"இல்லையே, மீட்டாச்சுன்னு இருக்கே."

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல இருக்குங்க."

சாதத்தைக் கீழ வச்சுட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமா சொல்லிக்கினு கீற நீ? கம்ப்யூட்டரா போட் ஓட்டுச்சு?"

இதுக்கு என்ன பதில் சொல்வீங்க? ஆனா அப்பவும் புத்தி எங்க போச்சு தெரியுமா? ஏழுமலைகிட்ட போகல, ரஃபீக்கிட்ட போகல. நேரா கோடுக்குத்தான் போச்சு. "ஒரு நிமிஷம், எப்படிப் பச்சையாச்சுன்னு பாத்துடறேன்"னு திறந்து உட்கார்ந்தேன். வரி வரியாப் படிக்கறேன். எல்லாம் சரியா இருக்கு. மறுபடி படிக்கறேன். பதிவைத் திறந்து யார் அடிச்சாங்கன்னு பாக்கறேன். 2E2-ன்னு யாருமே அடிக்கல. யாரும் அடிக்காம எப்படிப் பச்சையாகும்? ஒரு நிமிஷம்னு சொன்னது இருபது நிமிஷம் ஆயிடுச்சு. ஏழுமலை சாப்பிடாம நிக்கறார். எனக்கு அவர் நிக்கறதே தெரியல.

எங்க ஆபீஸ்ல டெஸ்டிங் பாக்கறவர் ஒருத்தர் இருந்தார். என் வயசு, என்கூடவே சேர்ந்தவர். நான் கட்டறதை எல்லாம் உடைச்சுக் காட்டறதுதான் அவர் வேலை, அதனால எங்களுக்குள்ள தினம் ஒரு சண்டை. பேர் சொன்னா கோச்சுப்பார். அன்னிக்குக் கோடு பக்கமே வராம, மூலையில உட்கார்ந்து பிரெட் பாக்கெட் கட்டிக்கிட்டு இருந்தார். எழுந்து வந்து, என் லேப்டாப் மூடியில கை வச்சார்.

"நீ இப்ப எந்தக் கேள்விக்குப் பதில் தேடற? 'ஏன் தப்பாச்சு'ங்கறதுக்கா, 'அந்த அம்மா எங்க'ங்கறதுக்கா?"

"காரணம் தெரிஞ்சாதானே..."

"காரணம் நாளைக்கும் இங்கேயே இருக்கும். சிலிண்டர் இருக்காது."

மூடிட்டார். என் விரல் உள்ள இருக்கும்போதே மூடிட்டார், வலிச்சுது. அந்த வலிக்கு அவருக்கு நான் கோயில் கட்டணும்.

ஏழுமலை ரெண்டு பேரையும் ஒரு கயிறையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினார். மணி ஒன்றரை. நான் போனை எடுத்து ரஃபீக்கிட்ட சொல்லணும். மூணாவது தடவைதான் நம்பரைச் சரியா அழுத்தினேன். "சார், தப்பு நடந்துடுச்சு. உங்க அம்மி வீட்டுலதான் இருக்காங்கன்னு நினைக்கறேன். படகு போயிருக்கு." அந்தப் பக்கம் போன் கட்டாச்சு.

அவர் அடுத்து என்ன கேட்டார் தெரியுமா, அந்த டெஸ்டிங்காரர்? "இது ஒண்ணு பொய்ப் பச்சைன்னா, வேற எத்தனை?" நான் அதை யோசிக்கவே இல்ல. உடனே பட்டியலை முழுக்க அச்சு எடுத்தோம். நான் கேலி பண்ணேனே, அதே தாளு. போன்ல மத்த படகுக்காரங்களைப் புடிச்சு, ஒவ்வொரு பச்சையாக் கேட்டோம். அவங்களுக்குக் கதவு எண் எல்லாம் பெரிசா ஞாபகம் இல்ல. "நாய் மொட்டைமாடியில நின்னுதே, அந்த ஊடு", "புள்ளத்தாச்சிப் பொண்ணு, ஏணி வச்சு இறக்கினோம்", இப்படித்தான். ஆனா ஒண்ணுகூடத் தப்பல. ஒருத்தரும் போகாத பச்சை மொத்தம் நாலு வந்துச்சு. மூணு வீட்டுக்காரங்க சொந்தக்காரங்களோட தானாவே வெளிய வந்துட்டாங்கன்னு போன்ல தெரிஞ்சுது. மிச்சம் 2E2.

நாலு எண்ணையும் எழுதி வச்சுப் பார்த்தோம். "எல்லாத்துலயும் E இருக்கு பாரு"ன்னார் அவர். D பிளாக் ஒழுங்கா இருக்கு, F பிளாக் ஒழுங்கா இருக்கு. E மட்டும்தான்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. பிள்ளைங்களா, நீங்க ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, பெரிய பெரிய எண்ணைச் சுருக்கி எழுத E போடுவாங்க. 2E2-ன்னா ரெண்டுக்குப் பின்னால ரெண்டு பூஜ்யம். இருநூறு. மெயின் ரோட்டுல 200-ம் நம்பர் வீடு ஒண்ணு இருக்கு. ஆறு பேர் கொண்ட குடும்பம், முதல் நாளே சுகமா வெளிய வந்துட்டாங்க. யாரோ 200-ன்னு அடிச்சாங்க. என் ஸ்கிரிப்ட் ஒரு மாறியில 200-ஐ வச்சுது, இன்னொண்ணுல 2E2-வை வச்சுது. நான் எது எண், எது பேருன்னு சொல்லவே இல்லியே? அதுவா நினைச்சுக்கிச்சு: ரெண்டும் பாக்க நம்பர் மாதிரி இருக்கு, அப்ப நம்பராவே ஒப்பிட்டுடலாம். இருநூறும் இருநூறும் ஒண்ணுதானே? பச்சை. அந்த மொழியில மூணு சமக்குறி போட்டிருந்தா, உள்ள என்ன வகைன்னும் சேர்த்துப் பார்த்து, எழுத்தை எழுத்தாவே ஒப்பிட்டு, "ரெண்டும் வேற தாயீ"ன்னு சொல்லியிருக்கும். ஒரு சமக்குறி மிச்சம் புடிச்சேன் நான்.

இதை முதல் நாள் சோதிச்சுப் பார்க்கலையான்னு கேப்பீங்க. பார்த்தேன். மெயின் ரோட்டு வீட்டு எண்களை வச்சு. பன்னிரண்டு, நாப்பத்தஞ்சு, இருநூறு. எல்லாம் ஒழுங்கான நம்பர்.

இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தவளுக்கு இது தெரிய வேண்டாமா? ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒண்ணு, புது எண் ஒண்ணு மாட்டி வச்சிருக்கற ஊரு இது! கதவு எண்ணை யாராவது கூட்டுவாங்களா? பெருக்குவாங்களா? உங்க வீட்டு எண்ணும் என் வீட்டு எண்ணும் சேர்ந்தா என்ன வரும்? ஒண்ணும் வராது. கூட்டவும் கழிக்கவும் போறதில்லைன்னா அது நம்பர் இல்ல, பேரு. போன் நம்பர், பின்கோடு, ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாமே அந்த ஜாதிதான். மாறிக்குள்ள எதையாவது போடும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டுப் போடுங்க. பேருன்னா, பேராவே வச்சுக்கோன்னு அந்த மொழிகிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. அதுக்கு மனசைப் படிக்கத் தெரியாது.

கோடைத் திருத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு. திருத்திட்டு உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை போன் வரல. ரெண்டு ஆச்சு. ரெண்டரை ஆச்சு. எனக்கு வேண்டாத தெய்வம் இல்ல. அந்த டெஸ்டிங்காரர் மட்டும் பிரெட் கட்டிக்கிட்டே இருந்தார். நானும் போய் அவர் பக்கத்துல உட்கார்ந்து கட்டினேன்.

மூணு மணிக்கு அடிச்சார் ஏழுமலை. "கெடச்சிட்டாங்கமா. உசிரோட கீறாங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறோம்." நான் அங்கேயே தரையில உட்கார்ந்து சத்தமா அழுதேன். ஆபீஸே பார்த்துச்சு. பார்க்கட்டும்.

பிற்பாடு ஏழுமலைதான் முழுசாச் சொன்னார். அந்தக் காரைக் கயிறு கட்டி ஓரமா இழுத்துட்டு, சந்துக்குள்ள போயிருக்காங்க. மாடி வீடு, படிக்கட்டு பாதி தண்ணியில. அந்த அம்மா தானாவே சிலிண்டர் திருகைக் குறைச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டு, ஜன்னல்கிட்ட சாய்ஞ்சிருந்தாங்களாம். கையில ஒரு கரண்டி. முதல் நாள்ல இருந்து படகுச் சத்தம் கேக்கும்போதெல்லாம் ஜன்னல் கம்பியில தட்டியிருக்காங்க.

நாலஞ்சு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன்ல மன்னிப்புக் கேட்டுட்டு விட்டுடலாம்னுதான் மனசு சொல்லிச்சு, அந்த டெஸ்டிங்காரர்தான் "நேர்ல போ"ன்னார். அந்த அம்மா மூக்குல குழாயோட உட்கார்ந்திருந்தாங்க. ஒல்லியா இருந்தாலும் கண்ணு ரொம்ப துறுதுறுன்னு. எல்லாத்தையும் ஒளிக்காம சொன்னேன், இருநூறு உட்பட. பொறுமையாக் கேட்டாங்க.

"அப்ப அந்த ஒன்றரை நாளும் உன் லிஸ்ட்டுல நான் கரையில இருந்தேனா?"

"ஆமாம்மா."

"நல்ல எடமா? பிரியாணி ஏதாச்சும் கொடுத்தாங்களா எனக்கு?"

அவங்களே என் கையைத் தட்டிக் கொடுத்தாங்க, போம்மா போ, பொழைச்சுத்தானே கெடக்கறேன்னு. வெளிய வந்தேன். மனசு லேசான மாதிரி இருந்துச்சு.

வராந்தாவுல ரஃபீக் நின்னுக்கிட்டு இருந்தார். காலு ரெண்டும் தண்ணியில ஊறி வெடிச்சு, கட்டுப் போட்டிருந்தாங்க. அவர் கத்துவார்னு எதிர்பார்த்தேன். கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"மேடம், கம்ப்யூட்டர் தப்பு பண்ணும். அது எனக்குப் புரியுது"ன்னார். "ஆனா காலையில பத்து மணிக்கு நான் அந்தத் தெரு முனையில நின்னேன். தண்ணி நெஞ்சு வரைக்கும்தான் இருந்துச்சு. நீங்க 'தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் உள்ள போயிருப்பேன்."